துண்டுத் துணிகளைப் பட்டைகளாக வெட்டி அடுக்குவது: உறுப்பினர் அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து ஓர் உறுப்பினர்

மிஞ்சிய துணிகளை எப்படி அடுக்கி வைக்கிறீர்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் ‘நிறவாரியாக’ என்ற பதிலே முதலில் வருகிறது. நிறவாரியாக அடுக்கிய அலமாரி புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கும்; பட்டைகளாக வெட்டிக் குவில்ட் (துண்டுகளை இணைத்து அடுக்குகளாகத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. எனக்கு இதைப் புரியவைத்தவர், எங்கள் பகுதித் தேவாலயக் கூடத்தில் வாரந்தோறும் கூடித் தைக்கும் பெண்களில் மூத்தவரான ஓர் அமெரிக்க அம்மையார்.

அவருடைய வீட்டுத் தையல் அறையில் காலணிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் எழுதியிருந்தது அகலம் மட்டுமே: ஒன்றரை அங்குலம், இரண்டு, இரண்டரை, மூன்றரை. சிவப்பும் பச்சையும் பூப்போட்டதும் கோடு போட்டதும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. நிறம் பிரிக்காமல் எப்படித் தேடி எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, “நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், அரை அங்குல வித்தியாசத்தைக் கண் பார்க்காது” என்றார்.

அரை அங்குலம் என்று அவர் சொன்னதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குவில்ட் தையலில் ஒவ்வொரு விளிம்பிலும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும் என்பதால், இரண்டு பட்டைகளை இணைக்கும்போது மொத்த அகலத்தில் அரை அங்குலம் குறைகிறது. ஒன்றரை அங்குலப் பட்டைகள் இரண்டை இணைத்தால் இரண்டரை அங்குலம் வரும். மூன்றை இணைத்தால் மூன்றரை. இரண்டு அங்குலப் பட்டைகள் இரண்டை இணைத்தாலும் அதே மூன்றரை. ஒன்றரையும் இரண்டரையும் சேர்ந்தாலும் மூன்றரையே. ஆகவே இப்படி இணைத்துத் தைத்தது இன்னொரு பெட்டியிலுள்ள பட்டையோடு பொருந்தும். கையில் அகப்பட்ட துண்டை ஒன்றேமுக்கால், இரண்டேகால் என்று வெட்டி வைத்தால் அதற்கு ஜோடி எளிதில் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் அது பெட்டியின் அடியிலேயே கிடக்கும்.

இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் தையல் சரியாகக் கால் அங்குலமாக இருந்தால்கூடப் போதாது. அதைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே சிறிது துணியை விழுங்கிவிடுகிறது. இரண்டு பட்டைகளை இணைக்கும்போது இது தெரியாது; பத்துப் பட்டைகளை வரிசையாக இணைத்து அளந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

அவர் தையல் கற்ற காலத்தில் காலை உணவுத் தானியப் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொரு பட்டையையும் கத்தரிக்கோலால் வெட்டினார்களாம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் வட்டக் கத்தி கொண்ட ரோட்டரி கட்டரை வெளியிட்ட பிறகுதான், ஸ்கேலை வைத்து ஓர் இழுப்பில் பல அடுக்குகளை வெட்டும் வழக்கம் பரவியது. வேகம் கூடியதோடு புதிய தொல்லை ஒன்றும் வந்தது. மடித்த துணியின் மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டாவிட்டால், விரித்துப் பார்க்கையில் மடிப்பு இருந்த இடத்தில் பட்டை முழங்கைபோல வளைந்திருக்கும். அகலம் எங்கும் சரியாகவே இருப்பதால் அளந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. தைத்த பிறகே கோணல் வெளிப்படும். மிச்சத் துணிகளை அவர் மடிப்பதே இல்லை. ஒற்றை அடுக்காகப் பரப்பி, கஞ்சித் தெளிப்பு அடித்து இஸ்திரி போட்டு, ஒரு விளிம்பை நேராக்கிக்கொண்டு, அந்தத் துண்டிலிருந்து எவ்வளவு அகலமான பட்டை கிடைக்குமோ அதையே முதலில் வெட்டுவார். மீந்ததில் அடுத்த அகலம். ஒன்றரை அங்குலத்துக்கும் கீழே போனவை ஒரு கூடைக்குப் போகும். முழுத் தாளைவிடப் பெரிய துண்டை மிச்சம் என்றே அவர் கணக்கிடுவதில்லை. மடித்துத் துணி அலமாரியில் வைத்துவிடுவார்.

நீளவாரியாகப் பிரிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. ‘லாக் கேபின்’ என்ற பழைய அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். உள்சுற்றுக்கு இரண்டு அங்குல நீளத் துண்டுகூடப் போதும். வெளிச்சுற்றுக்கு நீளமானவை வேண்டும். எல்லா நீளமும் செலவாகிவிடும். இதற்காக ஒரே ஒரு பிரிவினையை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார்: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டைத் தடுப்பு, ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் அடர்.

இரண்டரை அங்குலப் பெட்டிதான் எப்போதும் முதலில் நிரம்புகிறது. கடையில் ‘ஜெல்லி ரோல்’ என்ற பெயரில் சுருட்டி விற்கப்படும் பட்டைகளும் அதே அகலம்தான் என்பதால் மிஞ்சியவற்றை இதிலேயே போட்டுக்கொள்ளலாம். அவற்றின் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். அகலம் பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுவது நல்லது.

கரூரிலிருந்து ஓர் உறுப்பினர்

ஹூஸ்டன் சகோதரி எழுதிய கணக்கு எனக்கும் உதவும். ஆனால் எங்கள் ஊரில் வேலை அகலத்தில் தொடங்குவதில்லை, துணி இன்னது என்று அறிவதில்தான் தொடங்குகிறது.

கரூர் ஏற்றுமதிக்கான படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துணிகளுக்குப் பெயர்பெற்றது. வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்டை எடை போட்டு விற்கும் கிடங்கு ஒன்றுக்கு நான் போவது வழக்கம். அங்கே தரையில் உட்கார்ந்து பிரிக்கும் ஓர் அக்காவிடம் நான் கற்றது அதிகம். அவர்கள் பிரிப்பது குவில்ட்டுக்காக அன்று: வெள்ளைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை, பின்னல் துணி தனி, பாலியஸ்டர் கலந்தது தனி. வருகிற குவியலில் கைவிட்டு, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து இறுகக் கசக்கித் திறப்பார். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தி. மெல்ல விரிந்து எழுந்தால் கலப்பு. “சந்தேகமா இருந்தா ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க தம்பி” என்றார். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிப்போகும். இரண்டும் கலந்திருந்தால் எரியவும் செய்யும், முனையில் சிறு மணியும் கட்டும். அவர் ஒரு தீக்குச்சியில் முடித்ததை நான் அதற்கு முன் சலவைக் குறிப்புச் சீட்டைத் தேடி அறிய முயன்றுகொண்டிருந்தேன், வெட்டுத் துணியில் அந்தச் சீட்டு எங்கே இருக்கப்போகிறது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பட்டைகளாக வெட்டி ஒரே பெட்டியில் போட்ட பிறகு துணி வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பருத்திக்கான சூட்டில் இஸ்திரி வைத்தால் பாலியஸ்டர் பட்டை சுருங்கிவிடும். திருப்பூர் பனியன் துண்டுகளோ இழுபட்டு விளிம்பில் சுருண்டுகொள்ளும். அவற்றை நெய்த துணியோடு சேர்க்காமல் மிதியடி பின்னுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவதே மேல். கனமான கேன்வாஸ் துண்டுகளை மெல்லிய ரவிக்கைத் துணியோடு இணைத்தால், சில சலவைகளுக்குப் பின் மெல்லியது தையலோரத்தில் கிழியத் தொடங்கும்.

கட்டம் போட்ட துணி கிடைத்தால் மட்டும் நான் ஸ்கேலைத் தொடுவதில்லை. நூலுக்குச் சாயமேற்றி நெய்த கட்டம் பாவு நூலின் (நீளவாக்கு நூலின்) வழியே ஓடுவதால், கோட்டைப் பார்த்து வெட்டினாலே பட்டை நேராக வந்துவிடும். அச்சடித்த கட்டத்தில் இந்த நம்பிக்கை கூடாது. அங்கே கோடு ஒரு பக்கம் போகும், நூல் வேறு பக்கம் போகும். துணியைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நெய்த கட்டம் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

அடர் சிவப்பு, கறுப்பு, நீலம் ஆகியவற்றை வெட்டுவதற்கு முன் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வெள்ளைக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்

நான் துணி வாங்கும் இடம் கிடங்கு அன்று, எங்கள் தெரு முனையிலுள்ள ரவிக்கை தைக்கும் கடை. கைவளைவும் கழுத்துவளைவும் வெட்டியபின் மிஞ்சுகிற துண்டுகளில் நேரான விளிம்பு அரிது. மாஸ்டரிடம் கேட்டபோது அவரே துண்டுகளைப் பிரித்துக் காட்டினார். கிராஸாக, அதாவது மூலைவாட்டில், கிடக்கும் நீளமான துண்டுகளைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறாராம், மற்றவற்றைத்தான் கொடுப்பார். நான் வாங்கி வந்தவுடன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் போக்கில், துணி அசைவதில்லை. ஊடை நூலின், அதாவது குறுக்கு நூலின், போக்கில் சற்றே கொடுக்கும். மூலைவாட்டில் நன்றாக நீளும். அசையாத போக்கில் வெட்டிய பட்டையே என் முதல் விருப்பம். மூலைவாட்டில் மட்டுமே பட்டை கிடைக்கும் துண்டுகளை அகலப் பெட்டியில் சேர்ப்பதில்லை. அவை தைக்கும்போது அலையலையாக நீண்டுவிடும். அவற்றுக்கென்று தனிப் பை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஓரம் கட்டவே பயன்படுகின்றன.

அட்லாண்டாவிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே எழுதிய மூவரும் பட்டைக்கு ஓர் அளவு வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூருக்கு நானும் என் கணவரும் காரில் போயிருந்தோம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட பிறகு உலகப் புகழ் பெற்றன. 2006-இல் அவற்றில் பத்து அமெரிக்க அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன. பழைய வேலை உடுப்புகளைப் பிரித்து, தேய்ந்த முழங்கால் பகுதி வெளுத்திருப்பதை அப்படியே விட்டு, கிடைத்த அகலத்தில் பட்டைகளாக்கித் தைத்த போர்வைகள் அவை. ஒரே போர்வையில் கைப்பிடி அகலப் பட்டையும் விரல் அகலப் பட்டையும் அருகருகே வரும். ‘ஹவுஸ்டாப்’ என்று அவர்கள் அழைக்கும் அமைப்பு லாக் கேபினுக்கு உறவுதான். ஆனால் சுற்றுகள் ஒன்றுபோல இருப்பதில்லை, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும்.

அங்கே ஒரு முதியவரிடம் துணிகளை எப்படி அடுக்கி வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலுக்குக் கீழிருந்த ஒரு மூட்டையைக் காட்டினார். தைக்க உட்காரும்போதுதான் எதையும் வெட்டுவாராம். பட்டை குட்டையாக இருந்தால் இன்னொரு துண்டை ஒட்டி நீட்டுவார், நீளமாக இருந்தால் நறுக்கிவிடுவார். 1966-இல் அந்தப் பகுதியில் தொடங்கப்பட்ட ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ கூட்டுறவு, 1970-களில் சியர்ஸ் என்ற அமெரிக்க அங்காடி நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகளைத் தைத்தபோது, வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்து, அந்த ஆண்டுகளின் போர்வைகளுக்கே தனித் தோற்றம் கொடுத்துவிட்டன. கார்டுராய் தடித்த துணி, நுணுக்கமாக வெட்டித் தைக்க ஒத்துவராது. அதனால் பட்டைகள் அகலமாயின. மிச்சமே அளவைத் தீர்மானித்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே இரண்டரை அங்குலமாக நறுக்கிவைத்தால் எல்லாப் போர்வையும் ஒரே நடையில் அல்லவா அமையும்?

மீண்டும் ஹூஸ்டனிலிருந்து

அட்லாண்டா சகோதரியின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்தப் போர்வைகளை நானும் மதிக்கிறேன். ஆனால் கண் பழகிய கை அளவில்லாமல் வெட்டுவதும், புதிதாகத் தைக்க வருகிறவர் அளவில்லாமல் வெட்டுவதும் ஒன்றல்ல. அளவற்ற பட்டைகளை இணைத்த போர்வை தட்டையாகப் படிய வேண்டுமானால் ஒவ்வொரு இணைப்பிலும் சரிபார்த்து நறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதியவர்கள் பெட்டியில் தொடங்கட்டும்.

அளவில்லாத் தையலுக்கு அந்த அம்மையாரின் வீட்டிலும் இடமுண்டு. நான் முன்பு குறிப்பிட்ட கூடை அதற்குத்தான். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தவை, ஒரு முனை அகலமும் மறுமுனை குறுகலுமானவை எல்லாம் அதில் சேரும். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டிய மெல்லிய தாளின்மேல் மூலைவாட்டில் ஒரு பட்டையை வைத்து, அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்துத் தைத்து, விரித்து இஸ்திரி போட்டு, தாள் மறையும்வரை இரு பக்கமும் இப்படியே தொடர்ந்து, கடைசியில் தாளின் அளவுக்கு ஓரங்களை நறுக்குவார். தையலைச் சிறிய புள்ளியாக வைத்துக்கொண்டால் பின்னர் தாள் எளிதில் கிழிந்து வரும். செய்தித்தாள் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் மை துணியில் ஏறுகிறது.

நான் தாளுக்குப் பதிலாக, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டியைச் சதுரங்களாக வெட்டி அடியில் வைக்கிறேன். அதைக் கிழித்தெடுக்கும் வேலை இல்லை, போர்வைக்குள்ளேயே தங்கிவிடும்; சென்னைச் சகோதரி தனிப் பையில் ஒதுக்கும் மூலைவாட்டுத் துண்டுகள்கூட அதன்மேல் தைத்தால் நீளாமல் நிற்கின்றன. ஓர் அடுக்கு கூடுவதால் கையால் குவில்ட் தையல் போடுகிறவர்களுக்கு ஊசி இறங்குவது சற்றுக் கடினம். இயந்திரத்தில் தைப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. கரூர் தம்பிக்கு ஒரு கேள்வி: அங்கே கிடங்கில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துண்டு, ஆறரை அங்குலச் சதுரம் வெட்டும் அளவில், எடைக்குக் கிடைக்குமா?