சேஃப்டி ஸ்விட்ச்சுக்குத் தமிழில் என்ன? (மினி டிராக்டர் கையேடு, கொஞ்சம் அவசரம்)

குழுவினருக்கு வணக்கம். மினி டிராக்டர் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மின்பகுதியில் சிக்கிக்கொண்டேன். இந்த மாடலில் கிளட்ச் மிதிக்கு ஒன்று, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) லீவருக்கு ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று என்று குட்டிக் குட்டி ஸ்விட்ச்சுகள். முதல் மூன்றில் எது தொடாவிட்டாலும் ஸ்டார்ட்டர் சுற்றாது. ரோட்டவேட்டர் ஓடும்போது ஆள் எழுந்தால் சீட் ஸ்விட்ச் எஞ்சினை நிறுத்திவிடும். "பாதுகாப்பு இடைப்பூட்டு நிலைமாற்றி" என்று எழுதிவைத்திருக்கிறேன், எனக்கே வாயில் நுழையவில்லை.

-----

தம்பி, நிலைமாற்றி எதற்கு? யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆளி என்றுதான் படித்தோம். இரண்டே எழுத்து. காப்பு ஆளி, இருக்கை ஆளி. முடிந்தது.

-----

அவ்வளவு சுலபமாக முடியாது அம்மா. உடம்படுமெய் பெற்று "இருக்கையாளி" என்று சேர்ந்தால், பதவியை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஆளைப்போலத் தொனிக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனுக்கு உவமையாவது ஆளிக் குட்டி, அதாவது விலங்கு. மளிகைக் கடையில் கேட்டால் ஆளி விதை தருவார்கள். என் பரிந்துரை "காப்புத்தாழ்". "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று வள்ளுவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் சொடுக்கி. சாட்டையைச் சொடுக்குகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் ஸ்விட்ச் என்பது முதலில் மெல்லிய பிரம்பைத்தான் குறித்தது. இந்த ஒற்றுமையைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

-----

ஐயா, அந்த மடலை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதுங்களேன்.

-----

நான் டிராக்டர் மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்கிறவன். பெயர் கிடக்கட்டும், அதைவிடப் பெரிய வம்பு "மூடிய", "திறந்த" என்று எழுதுவதில் இருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும், மூடினால் நிற்கும். மின்சாரத்தில் எல்லாம் தலைகீழ். போன மாதம் ஒரு பையன் கிளட்ச் ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை பீப் சத்தத்தில் (மின்சாரம் போக வழி இருந்தால் கத்தும்) வைத்து, முளையைக் கட்டைவிரலால் அமுக்கினான். சத்தமே இல்லை. "அமுக்கினால் மூடியிருக்கணும்னு போட்டிருக்கு, மூடித்தான் சார் இருக்கு, நல்ல ஸ்விட்ச்" என்கிறான். அது செத்த ஸ்விட்ச்! அவனை எப்படித் திட்டுவது? நான் வகுப்பில் "தொட்டிருக்கு", "விட்டிருக்கு" என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. பட்டறையில் பாதிப் பேர் புது ஸ்விட்ச் மாட்டுவதில்லை. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு "டைரக்ட் கொடுத்துட்டேன்" என்பார்கள். கியரில் கிடக்கிற வண்டி, சாவியைத் திருப்பியதும் முன்னால் நிற்கிறவர் மேல் பாயும். அதனால் பெயரில் "காப்பு" கட்டாயம் வேண்டும், பின்னால் ஆளியோ பூனையோ எது வந்தாலும் சரி. என்னைக் கேட்டால் ஸ்விட்ச் என்றே போடுங்கள், கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்.

-----

மடை உவமை இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எங்கள் பாடநூலிலும் "ஆளியை மூடுக" என்றே வரும், நாங்களும் யோசிக்காமல் மூடினோம். ஆனால் ஆளியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

-----

"காப்பு ஸ்விட்ச்" மணிப்பிரவாளம். தொட்டது, விட்டது என்பதை மட்டும் ஏற்கிறேன். அதையும் "தொடுநிலை", "விடுநிலை" என்று வினைத்தொகையாக்கினால் மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

-----

வியாழன் இரவு மணி பதினொன்றரை. தொடுநிலை, விடுநிலை இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பெயர் "காப்பு ஸ்விட்ச்", முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆளி. அக்காவும் ஐயாவும் மன்னிக்கவேண்டும். கோப்பை அனுப்பிவிட்டேன்.

-----

என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும். காப்புச் சொடுக்கி என்றிருந்தால் அழகாக ஒற்று மிகுந்திருக்கும். ஸ்விட்ச் வந்ததும் அந்தச் 'ச்' நிற்க இடமில்லாமல் போய்விட்டது. பிரம்பைப் பற்றிய மடல் நாளை வரும்.