கேம்பர் வண்டியும் ஃபோர் லோவும்: செம்மண், கண்மாய், கருவேல முள்

காரைக்குடி, பிக்கப் மேல் கட்டிய கேம்பர்

தங்கிச் சமைக்கும் வசதியோடு கட்டிய கேம்பர் வண்டியை ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்க, வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) எப்படி ஓட்டுவது என்பதற்கு என் பங்கு இது. நம்ம பக்கம் செம்புராங்கல் பொட்டலில் வண்டி மாட்டுவது குறைவு. மாட்டுவதெல்லாம் கண்மாய் உள்வாயில்தான். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி மேலே பொருக்குத் தட்டியிருக்கும். பாளம் பாளமாக வெடித்த தரையைப் பார்த்ததும் காய்ந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். முதலில் அந்த வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். நுனியில் களி ஒட்டிக்கொண்டு வந்தால் மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கிறது, அடியில் உளை அப்படியே கிடக்கிறது.

அடுத்து, ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் போட்டு நில்லுங்கள். டயரில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தரையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அழுத்தம் விழும். 70 கிலோ ஆள் ஒரு குதிகாலில் நின்றாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் டயரின் தடம் அகலம் என்பதால் அழுத்தம் இன்னும் ஆழத்துக்குப் போகும். அதனால் குதிகால் அமுங்கினால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டியதுதான். அமுங்காவிட்டாலும் கடப்பாரையை ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

இறங்குவதென்று முடிவானால் கரை மேலேயே ஃபோர் லோவைப் போட்டுவிடுங்கள். சேற்றுக்குள் போய் நின்று லீவரைத் தேடுவதில் பயனில்லை. சேற்றில் முதல் கியர் வேண்டாம். அதில் சக்கரத்துக்கு வரும் இழுவை அதிகம் என்பதால் பிடி விட்டு உடனே சுழன்றுவிடும். லோவில் இரண்டு அல்லது மூன்று, ஒரே சீரான ஆக்சிலரேட்டர், நடுவில் கியர் மாற்றக்கூடாது. சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். களி டயரின் பள்ளங்களில் அடைந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் மொட்டை டயர்தான். மேலும் மிதிப்பது ஆக்சிலைத் தரையில் உட்கார வைப்பதற்கு மட்டுமே உதவும். வந்த தடத்திலேயே லோ ரிவர்ஸில் பின்னால் எடுப்பதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும்.

தேவகோட்டை, ஐந்து கதவு ஃபோர் வீல்

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு கியர் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, ஆக்சில் 4.1 என்று இருக்கும் வண்டியில் மூன்றையும் பெருக்கினால் 41; அதாவது எஞ்சின் 41 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயரின் சுற்றளவு 2.4 மீட்டர், ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து போகும். அதே வண்டி ஃபோர் ஹையில் (லோ ரேஞ்ச் இல்லாமல் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) 7 கிலோமீட்டர் போகும். சரிவில் இறங்கும்போது இந்த வித்தியாசம்தான் உயிர். லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு, எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும்.

லோவுக்கு மாற்ற வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லீவரையோ குமிழையோ மாற்றுங்கள். விழவில்லை என்றால் அடிக்காதீர்கள். ஓரடி நகர்த்திவிட்டு மறுபடி போட்டால் பற்கள் பொருந்தி விழும்.

தார்ச்சாலைக்கு ஏறியதும் டூ வீலுக்கு வந்துவிட வேண்டும். தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போயாக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. முறுக்கு உள்ளேயே ஏறி, ஸ்டியரிங் கனத்து, லீவர் வெளியே வராமல் இறுகிவிடும். அப்படி இறுகினால் நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு இளகும். டிஃப் லாக்கும் (ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டுவது) இப்படித்தான்: நேராகப் போகும்போது மட்டும் போட வேண்டும், மாட்டிய இடத்தைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

திருப்பத்தூர், வேன் கேம்பர்

எடையை யாரும் பேசவில்லையே! தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதுவும் பாதி நிரம்பிய தொட்டி, முழுத் தொட்டியை விடவும் தொல்லை. பக்கச் சரிவில் தண்ணீர் முழுக்கத் தாழ்ந்த பக்கம் ஓடி வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த தொட்டியாக வாங்குங்கள். கூரை மேல் கூடாரமும் டீசல் கேனும் ஏற்றிக்கொண்டு பக்கச் சரிவில் போகவே கூடாது. சரிவு என்றால் நேராக ஏற வேண்டும், நேராக இறங்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அலமாரிக் கதவுகளுக்குத் தாழ் போட்டபின் லோவைத் தொடுங்கள்.

காரைக்குடி, பிக்கப் மேல் கட்டிய கேம்பர்

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வற்றிய ஆற்று மணலில் கேம்பருக்கு 22 முதல் 25 வரை இறக்கினால் போதும். வெறும் ஜீப்புக்குச் சொல்லும் 15, 18 எல்லாம் நம் எடைக்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றிவிடும். ஆனால் நம் ஊரில் காற்றை இறக்குவதற்கு முன் சீமைக் கருவேலத்தைப் பார்க்க வேண்டும். காற்று இறங்கினால் டயரின் பக்கச் சுவர் பிதுங்கும், முள் அங்கேதான் ஏறும். அடிப்பகுதியில் ஏறினால் பஞ்சர் குச்சி போட்டு ஊருக்கு வந்துவிடலாம், பக்கச் சுவரில் ஏறினால் டயர் போனதுதான். அதனால் மணலுக்கு மட்டும் இறக்குங்கள். முள்காட்டுப் பாதையில் முழுக் காற்றோடு ஃபோர் லோவில் மெதுவாகப் போவதே சரி. மாட்டிக்கொண்டாலும் சக்கரத்தடியில் கருவேலக் கிளையை வெட்டிப் போடாதீர்கள். பனை மட்டை, சாக்கு, சரளை எதுவும் பரவாயில்லை.

தேவகோட்டை, ஐந்து கதவு ஃபோர் வீல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் ஃபோர் வீல் இருந்தாலும் இறங்காதீர்கள், அது உயரமான வண்டியையும் தள்ளிவிடும். ஓட்டமில்லாத தண்ணீர் என்றாலும் ஆக்சில் பிரீதரை (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சிறு துளை) பாருங்கள். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் காலையில் டிஃபரென்ஷியலின் நிரப்பு நட்டைக் கழற்றி, விரல் நுனியை எண்ணெயில் தொட்டுப் பாருங்கள். பாலில் கலந்த டிகாக்ஷன் மாதிரி வெளிறியிருந்தால் உடனே எண்ணெய் மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் பேரிங் போகும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைக்குள் மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

திருப்பத்தூர், வேன் கேம்பர்

கண்மாய்க் கரையில் வண்டிப்பாதை இல்லாத இடத்தில் ஏற வேண்டாம். சக்கரத் தடம் விழுந்த இடத்தில்தான் அடுத்த மழைக்குக் கரை அரிக்கும், ஆயக்கட்டுக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். உள்வாயில் இறங்குமுன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டால் உளை எங்கே என்று கையைக் காட்டிவிடுவார். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய் எஞ்சினை உறுமவிடாதீர்கள். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாதவர்கள்.