கருவாட்டு பிசினஸ்: ஆப் செய்வதா, கூட்டங்களுக்குப் போவதா?

கடற்கரைக்காரி:
வணக்கம். திருகோணமலை திருக்கடலூரில் நானும் அக்காவும் வீட்டிலேயே நெத்தலி, சூரை, கட்டா கருவாடு போட்டு, சிறு பொதிகளாகப் பக்கெட் பண்ணி விற்கிறோம். ஓடர் எல்லாம் என் வாட்ஸ்அப்பில்தான், அதுவும் சொந்தக்காரர், கோயில் குழு எல்லாம் கிடக்கிற அதே நம்பரில், அதனால் யார் காசு போட்டது, யாருக்குப் பார்சல் போனது என்று தேடுவதிலேயே இரவு போய்விடுகிறது. ஒருவர் ஆப் செய்து தருகிறேன் என்று சொன்ன விலையைக் கேட்டு அக்கா எழும்பிப் போய்விட்டா. வேறு சிலர் வர்த்தகர் கூட்டங்களுக்குப் போ, நாலு பேரைத் தெரிந்தால்தான் வளரலாம் என்கிறார்கள். அங்கே போய் யாரோடு என்ன கதைப்பது?

உவர்மலைத் தம்பி:
ஆப் இப்போது வேண்டாம் அக்கா. பக்கெட் கருவாடு வாங்க யாரும் புதிதாக ஆப் இறக்க மாட்டார்கள். தனி சிம் எடுத்து வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இலவசம். கட்டலொக்கில் படம், நிறை, விலை போட்டால் "எவ்வளவு?" என்ற கேள்வி பாதி குறையும். ஒவ்வொரு சாட்டுக்கும் 'காசு வந்தது', 'அனுப்பியாச்சு' என்று லேபல் ஒட்டலாம். ஒரே நம்பரை இன்னும் 4 கருவிகளில் இணைக்கலாம், ஆகவே அக்காவும் தன் போனில் பதில் போடலாம். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை சேவ் பண்ணியவர்களுக்கு மட்டும்தான் அது போகும். அதனால் ஒவ்வொரு பக்கெட்டிலும் "சேவ் பண்ணுங்கள்" என்று ஒட்டிவிடுங்கள். கூகுள் மேப்பிலும் பதியலாம், வீட்டு முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதியை மட்டும் காட்ட வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் கருவாட்டு ஸ்டேட்டஸ் போடாதீர்கள், பாதிப்பேர் சைவம்!

சாம்பல்தீவான்:
தம்பி சொன்னது சரி, ஆனால் அது இருக்கிற ஓடரைத்தான் ஒழுங்காக்கும். புது ஓடர் ஆட்களிடமிருந்துதான் வரும். கூட்டத்தில் விசிட்டிங் கார்ட் மாற்றி, வடை சாப்பிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உப்புவெளி, நிலாவெளியில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அதற்கு முன், மார்ச் ஏப்ரலிலேயே கெஸ்ட்ஹவுஸ்காரரிடம் சாம்பிள் பக்கெட்டோடு போங்கள். முதலாளியை விட சமையல்காரரோடு கதைத்தால் வேலை நடக்கும். கொழும்பிலிருந்து வேனில் வருகிற குடும்பங்கள் திரும்பும்போது கருவாடு கேட்கும், ரிசெப்ஷனில் பத்துப் பக்கெட் வைக்கச் சொல்லுங்கள்.

கடற்கரைக்காரி:
நன்றி அண்ணா. ஒரு ஹோட்டலில் ஏற்கனவே கேட்டோம், ஒரு மாதக் கடன் என்றார்கள். மீன்காரருக்கு நாங்கள் கையில் காசு கொடுக்க வேண்டுமே.

நிலாவெளி ரூம்ஸ்:
நான் ரூம் நடத்துகிறவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். தெரியாத ஆளிடம் எல்லோரும் கடன்தான் கேட்போம். முதல் இரண்டு தடவை சின்ன ஓடர், கைக்காசு என்று உறுதியாகச் சொல்லுங்கள், சரக்கு ஓடினால் நாங்களே கூப்பிடுவோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் பேங்க் கணக்கு திறந்து, லங்கா கியூஆர் எடுத்துவிடுங்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த பேங்கின் ஆப்பிலிருந்தும் ஸ்கேன் பண்ணிக் காசு போடலாம், "நாளைக்குத் தருகிறேன்" குறையும். அப்புறம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போதே கூடுதலாகக் காயவைத்து வையுங்கள். வடகிழக்கு வாடை மழையில் கருவாடு காயாது, வெளியூர்க்காரர் கேட்பது அப்போதுதான்.