3,000 கிராஃப் போட வேண்டும், பாதியிலேயே ரேம் நிரம்புகிறது. வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மழையளவுத் தரவை வைத்து, ஒவ்வொரு மழைமானி நிலையத்துக்கும் ஆண்டுக்கு ஒரு கிராஃப் என்று சுமார் 3,000 பிஎன்ஜி கோப்புகள் எடுக்க வேண்டும். பைதான், அதில் கிராஃப் வரைய மேட்பிளாட்லிப் நூலகம். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்.

முதலில் லூப்புக்குள் வரைந்து சேமித்ததோடு விட்டுவிட்டேன். 20 கிராஃப் தாண்டியதும் எச்சரிக்கை வந்தது, கவனிக்கவில்லை. 600 வாக்கில் கணினி அப்படியே நின்றுவிட்டது. அப்புறம்தான் புரிந்தது: மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதி வழியாகத் திறந்த ஒவ்வொரு ஃபிகரையும் (கிராஃப் வரையும் தாள் மாதிரி), நாம் மூடச் சொல்லும்வரை அது பிடித்து வைத்திருக்கும். அதே மாறியில் புதிய ஃபிகரைப் போட்டாலும் பழையது போகாது. சரி என்று, சேமித்தவுடன் குளோஸ் சேர்த்தேன். விண்டோ எதுவும் திறக்காத ஆக் என்ற பேக்கெண்டுக்கும் (படத்தை வரைந்து தரும் பகுதி) மாறினேன். பெரிய வித்தியாசம் தெரிந்தது.

ஆனாலும் ரேம் பயன்பாடு மெதுவாக ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2,000ஐ நெருங்கும்போது 5 ஜிபி! தேவையில்லாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரை நானே அழைத்துப் பார்த்தும் இறங்கவில்லை.

இப்போது இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒரே ஃபிகரை வைத்துக்கொண்டு கோட்டின் தரவையும் தலைப்பையும் மட்டும் மாற்றுவது ஒன்று. 100 கிராஃபுக்கு ஒரு புதிய பிராசஸ் (தனியாக இயங்கும் நிரல்) என்று பிரிப்பது இன்னொன்று. பிராசஸ் முடிந்தால் அதன் நினைவகம் முழுவதும் இயங்குதளத்துக்கே திரும்பிவிடும். எனக்கு இரண்டாவதுதான் உறுதியாகப் படுகிறது. ஆனால் ஒவ்வொரு பிராசஸிலும் முழுத் தரவும் நகலாகிவிடுமோ என்று பயம்.

செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நினைவகம் எங்கே தங்குகிறது என்று பைதானின் நினைவகக் கண்காணிப்புக் கருவியான ட்ரேஸ்மாலாக்கில் எப்படிப் பிடிப்பது என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.