ராமநாதபுரம் அரண்மனை, கீழக்கரைப் பள்ளிவாசல்: போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்

மதுரையிலிருந்து:

ராமேஸ்வரம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராமநாதபுரம் என்றால் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற ஊர், அவ்வளவுதான். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். ஊருக்கு நடுவில் அரண்மனை வளாகத்துக்குள் ராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபம் இருக்கிறது. போகலூரில் இருந்த தலைநகரை இங்கே கொண்டுவந்த மன்னர் கிழவன் சேதுபதி கட்டியது. 1710இல் அவர் இறந்த பிறகு, முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவர், விதானம், வளைவு என்று ஒரு இடம் விடாமல் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

நுழைந்ததும் செல்போன் டார்ச்சை அடித்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, "நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது தம்பி. இங்கிட்டு ஓரமா நின்னு சாச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்ன இடத்தில் நின்றதும் அதுவரை வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் செங்காவிக் கோடு எழும்பியது. குதிரையின் கழுத்து, பிடரி, அப்புறம் கடிவாளம் பிடித்த கை. தஞ்சை மராட்டியப் படையோடு நடந்த சண்டை அது. கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு பெயர்ந்து, சில வீரர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம் தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சியைப் பெரியவர் கடைசியாகத்தான் காட்டினார். "இதப் பாக்காம போனா வந்ததுக்கே அர்த்தமில்ல" என்றார். எனக்குப் பிடித்ததென்னவோ அந்தக் குதிரைதான்.

அன்றைக்கே கீழக்கரைக்கு விட்டேன். வழியில் திருப்புல்லாணியில், தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் ராமரைச் சேவித்துக்கொண்டேன். நடை சாத்தும் நேரம் என்பதால் அதிகம் நிற்கவில்லை.

கீழக்கரையின் ஜும்மா பள்ளிவாசலைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். முழுக்கக் கருங்கல். வரிசையாகத் தூண்கள், மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அதன் முனையில் வாழைப்பூ மாதிரி தொங்கும் வேலைப்பாடு. உருவம் மட்டும் கிடையாது. பூ, கொடி, கட்டங்கள்தான். வெளித்திண்ணையில் இருந்த முதியவரிடம் அனுமதி கேட்டதும் எழுந்து கூடவே வந்தார். நான் ஒரு தூணை விட்டு நகராததைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இம்புட்டு நேரமாத் தடவிப் பாக்குறீங்க? கோயில்ல வேலை பாத்த ஆசாரிமாரு கைதான் இதுவும்" என்றார்.

அரண்மனையைக் கட்டிய கிழவன் சேதுபதியும், கீழக்கரையிலிருந்து கப்பல் வணிகம் செய்த வள்ளல் சீதக்காதியும் நெருங்கிய நண்பர்கள். தன் பட்டமான 'விஜய ரகுநாத' என்பதையே சேதுபதி அவருக்குச் சூட்டினார் என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், அரண்மனையை முதலில். இடையில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று அரண்மனை, ஒன்று பள்ளிவாசல். சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சீமை எப்படி நடந்தது என்று பிடிபடும்.

கீழக்கரையிலிருந்து:

எங்க ஊரைப் பற்றி இவ்வளவு ஆசையா எழுதினதுக்கு நன்றி. ஒண்ணு விட்டுட்டீங்களே, சீதக்காதி அடங்கியிருப்பதும் அங்கேதான். அவர் மவுத்தான சேதி தெரியாம வந்த புலவர் கபர் பக்கத்துல நின்னு அழ, மோதிரம் போட்ட கை மண்ணுக்கு மேல வந்ததுன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' அதிலிருந்து வந்த பேச்சுதான். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடச் சொன்னவரும் இவரே. நூல் முடியுறதுக்குள்ள இவர் போய்ச் சேர, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் கைகொடுத்தார்.

போன மாசம் கல்லூரிப் பிள்ளைங்க கொஞ்சம் பேர் வந்தாங்க. அதுல ஒரு பொண்ணுக்குச் சீறாப்புராணத்துல நாலு பாட்டு மனப்பாடம். வாசல்ல நின்னு சொல்லச் சொல்ல, எங்க காக்கா (அண்ணன்) ஒருத்தர் கண் கலங்கிப் போயிட்டார்.

தொழுகை நேரம் பாத்து வாங்க, வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். தொதல் வாங்காம போகாதீங்க. தேங்காய்ப் பால், கருப்பட்டி, அரிசி மாவு போட்டு, கை எடுக்காமக் கிண்டுறது. விரல்ல எண்ணெய் கசியணும், அதுதான் பதம்.

அழகன்குளம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரில் அண்ணாந்து பார்க்க ஒன்றும் கிடையாது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கோட்டைமேடு என்று ஒரு மேடு. 1986 தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை அங்கே பலமுறை குழி போட்டிருக்கிறது. ரோமானியக் காசு, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துள்ள பானை ஓடு, கப்பல் கீறிய ஓடு என்று கிடைத்தன. அரண்மனையும் பள்ளிவாசலும் வருவதற்குப் பல நூறு வருஷம் முந்தியே இந்தக் கரைக்குக் கப்பல் வந்துபோன தடயம் அது.

அந்தக் குழியில் கூலிக்குப் போன ஒரு பாட்டியோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். "மம்பட்டி போட விடமாட்டாக. பிரஷ்ஷ வச்சுத்தான் தட்டணும். ஒரு பாசி கெடச்சாப் போதும், அன்னைக்குப் பூராம் சார்மாரு மொகத்தப் பாக்கணுமே!" என்றார். பாசிமணியின் அளவை விரல் நுனியில் காட்டினார், மிளகைவிடச் சின்னது.

மழைக்குப் பிறகு அங்கே நடந்தால் ஓடுகள் கண்ணில் படும். எடுத்துப் பாருங்கள், அதே இடத்தில் வைத்துவிடுங்கள். பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. கிடந்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அதன் காலத்தைச் சரியாகச் சொல்வது கஷ்டம்.

ஆற்றங்கரை என்கிற ஊருக்குப் போகிற வழிதான். வருகிறவர்கள் முன்கூட்டி இங்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே கூட வந்து காட்டுகிறேன், பாட்டி வீட்டுக்கும் போய்வரலாம்.