டேங்கர் லாரி திரும்புமா?

மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் குழாய் பதிப்பது என் தொழில். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, புதிய கொரோனா வார்டுக்கு இடம் பார்க்கப் போகும் அதிகாரிகள் எங்களையும் அழைத்துப் போவார்கள்.

பக்கத்து ஊரில் முதலில் காட்டியது ஒரு கல்யாண மண்டபம். பெரிய ஏ.சி. ஹால், நூறு கட்டில் தாராளமாகப் போடலாம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜன்னல் குறைவு, உள்ளே இருக்கும் காற்றேதான் சுற்றிச் சுற்றி வரும். தெருவும் குறுகல், திருப்பத்தில் மின்கம்பம்; ஆக்சிஜன் கொண்டுவரும் லாரி திரும்பாது.

ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால், 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் 12 மணி நேரம்கூட வராது. நூறு பேருக்கு நாளொன்றுக்கு 200 சிலிண்டருக்கு மேல் வேண்டும். அத்தனையையும் தெருமுனையில் இறக்கி உருட்டி வர ஆளுக்கு எங்கே போவது?

சரி, திரவ ஆக்சிஜன் டேங்க் வைக்கலாம் என்றால், அதற்குத் திறந்தவெளியில் கான்கிரீட் மேடை வேண்டும். டேங்கர் நின்று நிரப்பும் இடத்திலும் தார் கூடாது. மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவம் தாரில் சிந்தி ஊறினால், மேலே ஏதாவது விழுந்தாலே வெடிக்கலாம். மண்டபத்து முற்றமோ முழுக்கத் தார்.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதி அமைந்தது. அறைக்கு அறை ஜன்னல், பக்கத்திலேயே டிரான்ஸ்பார்மர். ஆனால் ஊரடங்கில் பஸ் இல்லை. நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் வெயிலில் நடந்து வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பந்தலாவது போடச் சொல்லிக் கேட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இடம் என்று பார்த்தால் மதுரை தோப்பூர் நல்ல தேர்வு. அங்கே 2021 மே 21-ல் 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு கொரோனா சிகிச்சை மையம் திறந்தார்கள். நெஞ்சக நோய் மருத்துவமனை ஏற்கெனவே இருந்த வளாகம், விசாலமான இடம், நெடுஞ்சாலையும் பக்கம்.

இனி இடம் பார்க்கப் போகும்போது தாசில்தார், டாக்டரோடு மின்வாரிய ஊழியர் ஒருவரையும் டேங்கர் ஓட்டுநர் ஒருவரையும் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும். அந்த விடுதிக்கு வந்த ஓட்டுநர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வழி முழுக்க நடந்து பார்த்தார். “இந்த கேட் தூணை மட்டும் எடுத்துட்டா ஒரே ஒடிப்புல உள்ள வந்துருவேன் சார்” என்றார். அன்று சாயங்காலமே தூணை இடித்தார்கள்.