நாசி லெமாக் காசை ஜகாத் விண்ணப்பப் பாரத்தில் எழுத வேண்டுமா?

தோட்டப்புறத்தான் (சுங்கை சிப்புட்):
அஸ்ஸலாமு அலைக்கும். செம்பனைத் தோட்டத்தில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், நான்கு பிள்ளைகள். மனைவி காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்) விற்கிறார். கைக்காசுதான், ரசீது கிடையாது. இப்படி ஒரு குடும்பம் ஜகாத் (முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் ஏழை நிதி) உதவிக்கு எழுதும்போது அந்தக் காசையும் காட்டியாக வேண்டுமா? "சம்பளச் சிலிப்பில் இருப்பதை மட்டும் எழுது" என்றுதான் கடைத்தெருவில் சொல்கிறார்கள்.

பழைய லயம்:
காட்ட வேண்டியதில்லை. நிர்ப்பந்தத்தில் சிக்கியவர் மீது குற்றமில்லை என்று குர்ஆன் (2:173) சொல்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியில்), தான் ஏழை என்று சொல்பவரிடம் சாட்சி கேட்பதே கிடையாது. மழைக்காலத்தில் விற்பனை பாதியாகிவிடும். நல்ல மாதத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு வருமானம் போதும்" என்று திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

கணக்குப்பிள்ளை:
பாய், சட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சாட்சி கேட்காமல் நம்புவது, வேறு பொருள் இருப்பது தெரியாதவரைத்தான். முன்பு பொருள் இருந்து அது அழிந்துவிட்டது என்று சொல்பவரிடம் ஆதாரம் கேட்பார்கள். "இத்தனை பேர் என் பொறுப்பில்" என்றாலும் வலுவான கருத்துப்படி ஆதாரம் வேண்டும். 2:173 செத்த பிராணி, பன்றி இறைச்சி பற்றிய வசனம். அங்கே உண்பவர் பிறர் பங்கைத் தொடவில்லை. ஜகாத் அப்படியல்ல, அதில் மற்ற ஏழைகளுக்கும் உரிமை இருக்கிறது. "நிர்ப்பந்தம் பிறர் உரிமையை அழிக்காது" என்பதும் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) விதிதான். பசிக்குப் பிறர் உணவை எடுத்துத் தின்றவனும் ஈடு கொடுக்க வேண்டும்.

அதைவிட, மறைப்பதால் என்ன லாபம்? கணக்கைப் போட்டே பாருங்கள். சம்பளத்தில் இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு, 187 வெள்ளி போனால் 1,513. நாசி லெமாக் நாளைக்கு 30 பொட்டலம், 2 வெள்ளி வீதம் 24 நாளுக்கு 1,440. பலர் இந்த 1,440ஐ வருமானம் என்று நினைத்துத்தான் பயப்படுகிறார்கள்! அரிசி, தேங்காய், நெத்திலி, முட்டை, கேஸ், இலை எல்லாம் 960 என்றால், கையில் நிற்பது 480. மொத்தம் 1,993. குடும்பத் தேவை 2,900 என்று வையுங்கள், பாதி 1,450. தேவையில் பாதிகூட எட்டாதவர் ஃபக்கீர், பாதியைத் தாண்டியும் போதாதவர் மிஸ்கீன்; இருவருக்கும் ஜகாத் உண்டு. 480ஐ மறைத்தாலும் 1,513, மிஸ்கீன்தான். காட்டினாலும் மிஸ்கீன்தான். 907 வெள்ளி குறை அப்படியே நிற்கிறது. பொய் சொல்லி வகைகூட மாறவில்லை.

பழைய லயம்:
உங்கள் எடுத்துக்காட்டில் மாறவில்லை, சரி. தேவை 2,000 என்று மதிப்பிட்டால் 1,993 காட்டியவருக்கு 7 வெள்ளிக் குறைதானே வரும்? பாரத்தில் ஏற்ற இறக்கம் எழுத இடம் எங்கே?

கணக்குப்பிள்ளை:
அங்கே உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பரிகாரம் மறைப்பதல்ல. ஒரு நோட்டில் ஆறு மாதம் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: விற்றது, செலவு, விற்காமல் மிஞ்சியது. மழை மாதம் கட்டாயம் உள்ளே வரட்டும். சராசரியைப் பாரத்தில் போட்டு, நோட்டின் நகலை இணையுங்கள். கடன் தனியாக இருந்தால் கடன்பட்டோர் பிரிவிலும் கேளுங்கள். அது 9:60 வசனத்தில் உள்ள எட்டுப் பிரிவுகளில் ஒன்று. அர்-ரஹ்னுவில் (இஸ்லாமிய அடகுக் கடையில்) நகை வைத்து வாங்கிய பணமும், முன்னதாக எடுத்த சீட்டுப் பணமும் கடன். அவற்றை வருமானத்தில் எழுதி யாரும் ஏமாற வேண்டாம்.

மஸ்ஜித் வாசல்:
இன்னொன்று. ஒருவனுக்கு வறுமை வந்துவிட்டது என்று மூன்று விவேகமான ஊர்க்காரர்கள் சொல்லும்வரை அவன் வறுமையின் பேரில் கேட்கக் கூடாது என்ற நபிமொழி, ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் கபீஸா (ரலி) வழியாக வருகிறது. அமில் (ஜகாத் அலுவலர்) வீடு பார்க்க வரும்போது பக்கத்து வீட்டில் விசாரித்தால், "இங்கேதான் தினமும் பொட்டலம் வாங்குகிறோம்" என்பார்கள். அதோடு மனு கிடப்பில் போய்விடும். நிஜமான குறைக்கும் உதவி வராது.

தோட்டப்புறத்தான்:
மூத்த மகன் ஜோகூரிலிருந்து அவ்வப்போது அனுப்பும் 200?

கணக்குப்பிள்ளை:
மாதந்தோறும் வந்தால் எழுதுங்கள். வசதியுள்ள மகன் ஏழைத் தகப்பனைப் பராமரிப்பது கடமை, அந்தச் செலவில் தேவை தீர்ந்துவிட்ட ஒருவரை ஃபக்கீராகக் கருதுவதில்லை. பெருநாளுக்கு மட்டும் வந்து செலவாகிவிட்டது என்றால் அதை மாத வருமானத்தில் சேர்க்காமல், குறிப்பில் ஒரு வரி.

பழைய லயம்:
நோட்டு விஷயத்தை ஏற்கிறேன். மகன் காசு விஷயத்தில் இன்னும் ஒப்பவில்லை. அவருக்கும் அங்கே குடும்பம், வாடகை இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
அவர் தன் மனைவி மக்களுக்குப் போக மிஞ்சினால்தான் அந்தக் கடமையே. மிஞ்சவில்லை என்றால் அதையும் அவர் சம்பளச் சிலிப்போடு எழுதிக் கொடுக்கலாம்.